வேப்பெண்ணெய் அடிக்கிற நாள்

— கலக்குடா மலை, நிறுத்தாத! நீ கையெடுத்தா எண்ணெ மேல வந்துடும், தண்ணி கீய போய்டும். அப்புறம் மோட்டாரு வெறும் சோப்புத் தண்ணியத்தான் அடிக்கும்.

— கலக்கிட்டுதான் இருக்கேன் கனகக்கா. ராத்திரி ஷிப்டு முடிச்சி, ஓவர்டைம் ஓடியும் பாத்துட்டு, இப்பதான் கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்குதேன். கேட்டத் தொறந்ததும் கையில கம்பக் குடுத்துட்டிய. ஒரு வாய் காப்பித்தண்ணி குடிக்க விட்டியளா?

— ஐய, நான் இன்னா எனக்காகவா செஞ்சிகினு கீறேன்? எட்டு ரூமுக்காரனும் வண்டி நிறுத்தற எடம் இது. போன மாசம் வாசல்ல நின்னுகினு கத்தினது யாரு? "உங்க தென்னமரத்துப் பிசினு சீட்டுல ஒட்டிக்குது, உக்காந்தா எந்திரிக்க முடியல"ன்னு நீதான கத்தின?

— கத்தாம என்ன செய்ய? வண்டி மட்டுமா? காயப்போட்ட சட்டையெல்லாம் கரிப்புள்ளி. கம்பெனியில நான் நிக்கது பெயிண்ட் அடிக்கிற ஷாப்பு. ஒரு தூசி இருந்தா உள்ள விட மாட்டான். சூப்பர்வைசரு எல்லாரும் பாக்க என் காலரப் புடிச்சி, "வனமாமலை, இது என்ன, அடுப்படியில இருந்து வாரியா"ன்னு கேக்கான். லைன விட்டு வெளிய நிக்க வச்சிட்டான் எக்கா. இந்தத் தென்னமரத்தால!

— தென்னமரம் இன்னாடா பண்ணுச்சி? வெள்ள ஈ பண்ணுது. எல வுட்டு எல அடியில குந்திகினு சாற உறிஞ்சுது, பிசினா கக்குது. பிசின் மேல கரி புடிக்குது. மரத்தத் திட்டாத.

— ஈயத் திட்டுனா அதுக்குக் கேக்குமா? மரத்துக்கு ஓனரு நீங்க. உங்களத்தான் திட்ட முடியும்.

— திட்டு. திட்டிகினே கலக்கு. தோ, நான் இந்தப் பக்கம் அடிக்கிறேன், கொயாய இய்த்துப் புடி.

— காத்து இங்கன அடிக்கி எக்கா! எதுத்தாப்புல... எக்கா! மூஞ்சியெல்லாம் எண்ணெ! சவத்த, கசப்பு தொண்டைக்குள்ள போயிட்டு.

— வேப்பெண்ணெதான? வயித்துக்கு நல்லது. துப்பிட்டுக் கலக்கு.

— இது ஒண்ணு. எதக் கேட்டாலும் ஒடம்புக்கு நல்லது. நீங்க ஒவ்வொண்ணா செஞ்சதச் சொல்லட்டா? மொதல்ல மஞ்சத் தகட்டுல வெளக்கெண்ணெயத் தடவி மரத்துக்கு மரம் கட்டுனிய. ஈ ஒட்டுச்சோ இல்லியோ, நாலாம் ரூமு மாசானம் தல ஒட்டுச்சு. முடிய வெட்டித்தான் எடுத்தோம்.

— அவன் இன்னாத்துக்கு ராவுல போன பாத்துகினே மரத்துல போய் முட்டறான்?

— அப்பறம் மைதாக் கஞ்சி அடிச்சிய. காஞ்சா கரி எலையில இருந்து பேந்து விழுந்துரும்னிய. விழுந்துச்சி. எங்க விழுந்துச்சி? நாச்சியா தொவச்சி விரிச்சிருந்த போர்வ மேல விழுந்துச்சி.

— கஞ்சி அடிக்கறேன், துணியத் தூக்குங்கன்னு எட்டு ரூமுக் கதவையும் தட்டிச் சொன்னேன். உன் பொண்டாட்டி சீரியல் பாத்துகினு இருந்தா.

— இப்ப வேப்பெண்ணெ. பதினஞ்சு நாளைக்கு ஒருக்க இந்த நாத்தம். ரூமுக்குள்ள சோத்துல நாறுது, தலகாணியில நாறுது. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் மூக்கப் பொத்துதான். எதுக்கு எக்கா? கடையில ஒரு மருந்து வாங்கி ஒருவாட்டி அடிச்சா தீந்து போற சோலிய மூணு மாசமா இழுத்துட்டு இருக்கிய!

— மருந்துன்ற பேச்ச எடுக்காத. எத்தினி தபா சொல்லிட்டேன். தோ போர் கீது. அந்தத் தண்ணியத்தான் எட்டு ரூமும் குடிக்குது. அந்தாண்ட பாரு, ரெண்டாம் ரூமு பசங்க குரும்ப பொறுக்கி வாயில வச்சிகினு ஆடுது. மேல வெஷத்த அடிச்சிட்டு நான் கீய நிம்மதியாத் தூங்கவா?

— ஊரு ஒலகத்துல அடிக்காமலா இருக்கான்?

— அடிக்கட்டும். அக்ரி ஆபீஸ்ல வெங்கடேசன் சார் இன்னா சொன்னாரு தெரியுமா? வெஷம் அடிச்சா இந்த ஈய துன்ற குட்டிக் குளவியும் சேந்து செத்துடுமாம். அப்புறம் ஈ ரெட்டிப்பா வருமாம். வேப்பெண்ணென்னா ஈ முட்ட வைக்காது, துன்னாது, தானா கொறயும், ஆனா பொறுமை ஓணும்னாரு.

— பொறுமை எனக்கு இருக்கு எக்கா. எங்க சூப்பர்வைசருக்கு இல்ல.

— நான் இன்னா சொல்றேன், கண்ணால பாத்தா நம்புவியா, மாட்டியா? அந்த போர் ஓரத்து மரத்தப் பாரு. நல்லாத் தல தூக்கிப் பாரு.

— பாத்தேன்.

— இன்னா தெரியுது?

— மரம் தெரியுது.

— கண்ணாடியாட்டம் கீதா இல்லியா? எல அடியில ஒரு வெள்ள கீதா? கீய வண்டி நிறுத்தினா ஒரு சொட்டு உயுதா? பத்து நாளா அந்த மரம் சுத்தம். வேப்பெண்ணெ கேட்டுடுச்சி!

— ம்.

— இன்னா "ம்"? வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சி போய்டுவியா?

— அஞ்சு மரத்துக்கும் ஒரே எண்ணெயதான அடிச்சிய? ஒண்ணு மட்டும் எப்படி எக்கா கேக்கும்? மத்த நாலும் செவிடா?

— அது நல்ல மரம், சொன்ன பேச்சு கேக்குது. உன்ன மாதிரியா? நான் போன் போட்டு வெங்கடேசன் சாருக்கே சொல்லிட்டேன். "அப்டியா கனகலட்சுமி, வந்து போட்டோ எடுத்துகினு போறேன், மத்தவங்களுக்கும் காட்டலாம்"னாரு. பென்னலூர்ல என் நாத்தனாருக்கும் சொல்லிட்டேன், அவ வூட்லயும் இதே பேஜாருதான். கேன் கேனா வேப்பெண்ணெ வாங்கிட்டா.

— எல்லாருக்குமா சொன்னிய?

— ஏன், சொல்லக் கூடாதா? நாலு பேரு சிரிச்சீங்களே. மருந்துக்கடைக்காரன் கூட சிரிச்சான். இப்ப வந்து பாக்கச் சொல்லு அவன.

— சரி விடுங்க. போட்டோவெல்லாம் எதுக்கு? ஒரு மரத்த வச்சி என்னத்தச் சொல்ல முடியும்?

— உனுக்கு இன்னாடா அதுல எரியுது? நல்லாயிட்டா நல்லாயிடுச்சின்னு சொல்ல வாய் வராதா? கலக்கு! நின்னுகினே தூங்கறான் பாரு.

— தூங்கல. நாச்சியா கெளம்பிட்டாளான்னு யோசிச்சேன். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கா.

— எடுப்பாளா? புள்ளையையும் பையையும் தூக்கிகினு தனியாப் போறா. தம்பிக்கு நிச்சயம்னு ஒரு மாசமா சொல்லிகினு இருந்தா. "ஷிப்டு முடிஞ்சி வந்து வண்டி ஏத்தி வுடறேன்னாரு, இப்ப ஓடின்னு நின்னுட்டாரு"ன்னு மூஞ்சத் தூக்கி வச்சிகினு போனா. நான்தான் ஷேர் ஆட்டோ வரிக்கும் கூடப் போயி ஏத்தி வுட்டேன்.

— ஆளு வரலன்னு புடிச்சி வச்சிட்டான் எக்கா. நான் என்ன செய்ய? எத்தன மணிக்குப் போனா?

— காலைலயே போயிட்டா. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல லோக்கல் ரயிலு ஏறி, செங்கல்பட்டுல ஊரு வண்டி ஏறுவா. பயப்படாத, வழிக்கு எல்லாம் குடுத்துதான் அனுப்பிச்சேன். இட்லி கட்டிக் குடுத்தேன். வெயில்ல புள்ள நாக்கு வறண்டுடும்னு ரெண்டு எளநி சீவிக் குடுத்தேன்.

— எளநியா? கடையிலயா வாங்குனிய?

— கடையில எதுக்கு? நம்ம மரத்துலதான். காலைல ஆளு வந்து கா‌ஞ்ச மட்டையெல்லாம் கயிச்சிப் போட்டான். போர் ஓரத்து மரம் இப்ப சுத்தமா கீதே, அதுல ரெண்டு நல்ல எளசா இருந்துச்சி. எறக்கச் சொன்னேன். ஸ்பூனால குத்தினா தொறக்கற மாதிரி மேல மட்டும் சீவி... டேய், எங்கடா போற? கம்பப் புடிடா!

— எந்த மரம்னிய?

— போர் ஓரத்து மரம். இன்னாடா ஆச்சி உனுக்கு?

— எக்கா, மோட்டார நிறுத்துங்க. நிறுத்துங்க எக்கா!

— நிறுத்திட்டேன். இன்னாடா? யாருக்குப் போன் போடற?

— நாச்சியா... போன எடு... எடு தாயி... எடுக்க மாட்டேங்காளே! ரிங்கு போவுது, எடுக்க மாட்டேங்கா!

— பையில போட்டிருப்பா. கூட்டத்துல கேக்காது. இன்னா விஷயம், சொல்லித் தொல!

— அந்த எளநியக் குடிக்கக் கூடாது எக்கா.

— ஏன்?

— அது... அந்த மரம் வேப்பெண்ணெயில சுத்தமாவல.

— பின்ன?

— நான் மருந்து வச்சிட்டேன்.

— இன்னா வச்ச?

— இருவது நாளைக்கு முன்ன நீங்க நாத்தனாரு வீட்டு வளகாப்புக்குப் போனியல்லா, அன்னைக்கு. கடையில வாங்கியாந்து, மண்ணத் தோண்டி, வேருல பாக்கெட்டுல கட்டி விட்டேன். மரம் உறிஞ்சிக்கும், மேல அடிக்க வேண்டாம், யாருக்கும் தெரியாதுன்னான் கடைக்காரன். என் வண்டிக்கு மேல நிக்க மரந்தான, ஒண்ணே ஒண்ணுக்குன்னு...

— மலை.

— ஒன்றர மாசத்துக்குக் காய் பறிக்கக் கூடாதுன்னான். நம்ம மரத்துல மாசக் கடைசியிலதான ஆளு ஏறுவான். அதுக்குள்ள உங்ககிட்ட சொல்லிரலாம்னுதான் இருந்தேன். சத்தியமா சொல்லிரலாம்னு இருந்தேன். இன்னைக்கு ஆளு வருவான்னு எனக்கு எப்படித் தெரியும்?

— நான் சொல்லலியேடா! மட்ட தொங்குது, எண்ணெ அடிக்கறதுக்கு முன்ன கயிக்கணும்னு நேத்து ராவுதான் நெனச்சேன். டேய் பாவி... என் மரத்துல... போர் ஓரத்துலயா வெஷத்தக் கட்டின? எட்டு ரூமு தண்ணி குடிக்கிற போர் ஓரத்துலயா?

— தப்புதான். தப்புதான் எக்கா. அப்பறமா அடிங்க. இப்ப அவ எடுக்கணுமே... இன்னொருக்க அடிக்கேன்...

— நான் ஊரு பூரா பீத்திகினு வந்தேன்டா. வேப்பெண்ணெ வேப்பெண்ணென்னு. நீ கம்முனு நின்னு பாத்துகினு இருந்தியே. போட்டோ எடுக்க வராருன்னு சொன்னப்பக் கூட வாயத் தொறக்கலியே!

— தொறக்கலாம்னுதான்...

— அத்த வுடு. பெருமை போனா போவுது, மசுரு. என் கையாலடா குடுத்தேன். "பாப்பாவுக்கு மொதல்ல குடு, நீ அப்புறம் குடி"ன்னு சொல்லிக் குடுத்தேன்டா!

— எக்கா, அப்படிச் சொல்லாதிய...

— அழுதுகினு நிக்காத. வேற நம்பரு கீதா? வண்டியில தெரிஞ்சவங்க யார்னா போறாங்களா?

— யாரும் இல்ல. தனியாத்தான்.

— ரயில்வே போலீஸ் நம்பரு எதுனா கீதா பாரு. எந்த வண்டி, எந்தப் பொட்டின்னு தெரியுமா?

— முன்பதிவு இல்லாத பொட்டி. எது எடம் கெடச்சுதோ அதுல ஏறியிருப்பா. எல்லாம் என்னால. ஓடிய விட்டுட்டு வந்திருந்தா நானே கூடப் போயிருப்பேன். பையத் தூக்குனா எளநி இருக்கது தெரிஞ்சிருக்கும்...

— நீ மருந்து வைக்காம இருந்திருந்தா தெரிய வேண்டியதே இல்ல. அடி, திரும்ப அடி.

— அடிச்சிட்டேன். போவுது... போவுது... ஹலோ! நாச்சியா! நாச்சியா!

— ஸ்பீக்கர்ல போடுடா!

— எதுக்கு இப்பம் கத்துதிய? ஏழெட்டுவாட்டி அடிச்சிருக்கிய. பிள்ளைய மடியில போட்டு இப்பதான் கண்ணசந்தா, எழுப்பி விட்டுட்டிய. ஏத்தி விட வர நேரமில்ல, போன் போட மட்டும் நேரம் இருக்கோ?

— நாச்சியா, நான் சொல்லுதக் கேளு. எக்கா குடுத்த எளநி...

— மொதல்ல நான் பேசி முடிச்சிக்கிடுதேன். செங்கல்பட்டுல கூட்டம்னா கூட்டம். ஒரு கையில பிள்ள, ஒரு கையில பை. ஒரு புண்ணியவான் பையத் தூக்கிக் குடுத்தாரு. இல்லாட்டா வண்டியே போயிருக்கும். நீங்க என்னடான்னா...

— நாச்சியா! எளநியக் குடிச்சியா? பிள்ளைக்குக் குடுத்தியா? அத மட்டும் சொல்லு!

— ஏன் இப்படிப் பதறுதிய? குடுக்கல. ராத்திரியே அவளுக்கு மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சி. எளநி குடுத்தா சளி கட்டிராதா? கனகக்கா ஆசையா சீவிக் குடுத்தாவ, வேண்டாம்னு சொல்ல முடியாம வாங்கிட்டு வந்தேன்.

— நீ? நீ குடிச்சியா?

— நானும் குடிக்கல. வண்டியில அடிக்கடி எந்திரிச்சிப் போவ முடியாதுன்னு தண்ணியே குடிக்காம இருக்கேன். எளநிக்கு என்ன இப்பம்?

— ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல தாயி. குடிக்கலைலா... எக்கா, குடிக்கலையாம். ரெண்டு பேரும் குடிக்கல.

— கேட்டுது, கேட்டுது. யம்மா மாரியாத்தா... அந்தப் பக்கெட்டத் தள்ளு, நான் குந்திக்கிறேன்.

— கனகக்காவா பக்கத்துல? எக்கா, ஏன் அழுதிய? ஏங்க, என்ன நடக்கு அங்கன?

— நீ ஊரு போய்ச் சேந்ததும் சொல்லுதேன். நீ இப்ப அந்த ரெண்டு எளநியையும் எடுத்து ஜன்னல் வழியாத் தூரப் போடு. யாரு கேட்டாலும் குடுக்காத.

— ஜன்னல் வழியாவா? ரெண்டும் இப்பம் எங்கிட்ட இல்லியே.

— இல்லியா?

— சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் படிக்கட்டுல ஒரு பிள்ளத்தாச்சி உக்காந்திருந்தா. வடநாட்டுப் பிள்ள. வாந்தியெடுத்து வாந்தியெடுத்துத் துவண்டு கெடந்தா. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. சுமையும் கொறையும், அவளுக்கும் ஆவும்னு ரெண்டையும் குடுத்துட்டேன்.

— எங்க... எங்க போனா அவ? பேரு என்ன? எந்தக் கம்பெனி, எந்த ரூமு, ஏதாச்சும் கேட்டியா நாச்சியா?

— கேட்டா சொல்லத் தெரியலங்க, அவளுக்கு நம்ம பாஷ தெரியாதுல்லா. ஒண்ண அங்கனயே ஒரே மூச்சுல குடிச்சிட்டு, வயித்தத் தடவி என்னையப் பாத்துச் சிரிச்சா. இன்னொண்ண சேலையில சுத்திக்கிட்டு ஒரகடம் ஆட்டோவுல ஏறிப் போயிட்டா.